கல்லுக்கடியில் இரண்டு காலணா

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது புதிதாக ஒரு வியாதி வந்திருக்கிறது. சர்க்கரை, முட்டிவலி, வெள்ளெழுத்து எல்லாம் பழசாகிவிட்டன. இது காசு வியாதி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வாரம் தவறாமல் யாராவது அதில் ஒரு வீடியோ போடுகிறார்கள். ‘இந்த நாணயம் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி.’ உடனே ஆளாளுக்கு அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்து, கிடைத்ததையெல்லாம் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறீர்கள். எனக்குத்தான் பழைய காசு பார்க்கத் தெரியுமாம்.

சரி, ஒரே தடவை சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். காசு பிறக்கும்போதே கோணலாகப் பிறப்பது ஒன்று. பிறந்த பிறகு அடிபட்டுக் கோணலாவது வேறு. காசு அடிக்கிற தங்கசாலையின் அச்சில் விரிசல் இருந்தால் காசில் அது மேடாக வரும், நகத்தால் தடவினால் இடறும். நாம் கீறியது பள்ளமாகத்தான் இருக்கும், பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். ஒரு பக்கம் குத்துப்பட்டிருந்தால் திருப்பிப் பாருங்கள், மறுபக்கம் அதே இடம் சப்பையாகியிருக்கும். தங்கசாலை செய்த தப்புக்குத்தான் மதிப்பு. வெளியே வந்தபின் பட்ட அடிக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அனுப்புவதெல்லாம் அநேகமாக வெளியே பட்ட அடிதான், சிரிக்காதீர்கள்.

இந்தப் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், எங்கள் வீட்டையே இரண்டாக்கிய ஒரு காலணாவிடம் கற்றுக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ஆந்திராவில், குப்பம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். எங்கள் பக்கத்துக் கருங்கல்லுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்த காலம் அது. ஒரு லாரியில் ஒரே ஒரு பாறை, அதற்குச் சங்கிலி போட்டுக் கட்டி ராஜா மாதிரி கொண்டு போவார்கள். அந்த லாரி திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று ரோட்டை அகலப்படுத்தினார்கள். எங்கள் வீட்டின் முன்பாதி போனது. மிச்சப் பாதியில் இரண்டு குடும்பம் இருக்க முடியாது. நைனா, எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஏற்கெனவே திருப்பதியில் எலக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய்விடுவது என்று முடிவானது. அவர் தம்பி, என் சின்ன நைனா, குப்பம் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை வைத்திருந்ததால் அங்கே ஒரு வீடு பார்த்துக்கொண்டார்.

முன்சுவரை இடிப்பதற்கு முந்தின நாள் அண்ணனும் தம்பியும் கடப்பாரை போட்டு வாசற்படிக் கல்லை நெம்பினார்கள். திருப்பதியில் என்றைக்கோ கட்டப்போகும் வீட்டுக்கு இந்தக் கல்தான் வேண்டும் என்று நைனா ஒற்றைக்காலில் நின்றார்.

“ஏன்ணா, திருப்பதில கல்லே கெடைக்காதா? ஏழு மலையும் கல்லுதானே?” என்றார் சின்ன நைனா.

“வாய மூடிக்கினு நெம்புடா.”

கல் புரண்டதும் சுண்ணாம்பும் மண்ணும் இறுகிப்போன குழி தெரிந்தது. கடப்பாரை கிளறிவிட்ட மண்ணில் பச்சை பிடித்த இரண்டு செப்புக் காசுகள் கிடந்தன. வாசக்கால் வைக்கும்போது நவதானியத்தோடு காசும் போடுவது நம் எல்லார் வீட்டு வழக்கம்தானே. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நைனாவின் காசை அம்மா கையில் வாங்கின உடனே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது வீட்டு லட்சுமி, கழுவக்கூட கூடாது என்று சொல்லி, அன்று சாயங்காலமே விளக்கேற்றி, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். புது வீட்டு வாசக்காலுக்கு அதைத்தான் போட வேண்டும் என்று வேண்டுதல்.

சின்ன நைனா அவர் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

அந்தக் கடையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து வரும். அப்போது எனக்கு மல்லிகைப்பூவை விட அது பிடிக்கும். நடுவில் மரப்பலகையில் பூட்டிய பச்சை வைஸ், அதன் பிடியைச் சுற்றச் சுற்ற எதுவும் நசுங்கும். சின்ன நைனா அதில் பத்துப் பைசாவை வளைத்து எனக்கு மோதிரம் செய்து கொடுப்பார். தண்டவாளத்தில் இருபது பைசாவை வைத்துவிட்டுப் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருப்போம். வண்டி போனபின் அது சூடாக, வழவழப்பாக, வெற்றிலை மாதிரி மெலிந்து கிடக்கும். ஊதி ஊதி என் உள்ளங்கையில் வைப்பார். காசைப் பாழாக்குகிறான் என்று நைனா திட்டுவார். “செலவு பண்ணாலும் போவுது, இதுல பாப்பா சிரிக்குதில்ல” என்பார் சின்ன நைனா.

லீவுக்கு நான் குப்பத்திலேயே சின்ன நைனாவின் மனைவி, என் சின்னம்மாவோடு தங்கியிருந்தேன். ஒரு மதியம் சின்ன நைனாவுக்கு அந்தக் காலணா ஞாபகம் வந்து புளித்தண்ணீரில் ஊறப்போட்டார். பச்சையெல்லாம் போய்ச் செம்பு பளபளத்தது. ஒரு பக்கம் ராஜா தலை, அது சரி. மறுபக்கம் காலணா என்று இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ராஜா தலை இருந்தது. அதுவும் உள்ளே குழிந்து, கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. நான் அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். மூக்கு அப்படியே வந்தது.

கடைக்கு வந்த கல் கம்பெனி குமாஸ்தா ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குதித்தார். முதலில் அடித்த காசு அச்சிலேயே மாட்டிக்கொண்டால் அடுத்த காசின்மேல் இப்படித்தான் தலை விழுமாம். அபூர்வமாம், பம்பாயில் கொத்திக்கொண்டு போவார்களாம்.

சின்ன நைனா அன்றே கடையைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார். கொவைட்டுக்கு, அதாவது குவைத்துக்கு, ஆள் பிடிக்கும் ஏஜெண்டு ஒருவர் அந்தக் கோடை முழுக்க அவரைச் சுற்றிக்கொண்டிருந்தார். போகவே மனசில்லாமல் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார் சின்ன நைனா. எங்கள் வாடகை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கத்தினார்.

“ணா, ஆளுக்குப் பாதி! எனக்குக் கொவைட்டு வோணாம், உனக்கு வாடகை வூடு வோணாம்.”

அவர் வாயிலிருந்து முதலில் வந்தது ‘ஆளுக்குப் பாதி’. அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

கோவிந்தராஜர் கோயில் தெருவில் பித்தளை விளக்கு விற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பழைய காசும் வைத்திருப்பார். அவர் வீட்டுக்கு ஒயரிங் வேலை செய்தது நைனாதான். அவரிடம் நைனாவுக்குப் பயம் பாதி, மரியாதை பாதி. மூன்று பேரும் போனோம். பெரியவர் எனக்குக் கல்கண்டு கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது தங்கசாலைல நடந்த தப்பு இல்லப்பா. இங்க பாரு, ராஜா மூக்குக்கு அடியில எழுத்து நசுங்கித் தெரியறது. தங்கசாலைலயே ஆகியிருந்தா இந்த எழுத்தே இருக்காது, தலை மட்டும் சுத்தமா உள்ள இறங்கியிருக்கும். இது முழுக்காசா வெளில வந்தப்புறம் இன்னொரு காசை மேல வெச்சு யாரோ அமுக்கியிருக்கா.” காசை மேஜையில் வைத்துவிட்டுச் சின்ன நைனாவைப் பார்த்தார். “நீ என்னப்பா தொழில் பண்றே?”

“சைக்கிள் கடை சாமி.”

“கடைல வைஸ் இருக்கா?”

“கீது சாமி.”

பெரியவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை விஷமம் செய்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. “இதோட ஜோடிக் காசு அங்கயே எங்கயாவது கெடக்கும், தேடிப் பாருங்கோ” என்றார்.

நைனா தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்தார். பூக்கடைப் பக்கம் வந்ததும் வெடித்தார். “மானத்த வாங்கிட்டியேடா! நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“ணா, சத்தியமா நான் ஒண்ணும் பண்லணா.” சின்ன நைனா என் தலைமேல் கை வைத்தார். “பாப்பா மேல சத்தியம்.”

“எடுறா கைய. எம் பொண்ணு தலமேலருந்து கைய எடு.”

சின்ன நைனா கையை எடுத்துவிட்டார். அந்தக் கையின் கனம் என் தலையிலிருந்து போனது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டில் அம்மா அவருக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடாமலேயே பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா குப்பத்துக்கே போய், ஜோடிக் காசைத் தேடி ஆணி டப்பா வரைக்கும் கொட்டிப் பார்த்தார். சின்ன நைனா ஓரமாக நின்றாராம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளித்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார் நைனா. குமாஸ்தாவின் வாயிலிருந்து விஷயம் ஊரெல்லாம் பரவியது. கள்ளக் காசை எங்கள் பக்கத்தில் தெலுங்கிலேயே தொங்க காசு என்போம். ‘தொங்க காசு அடிக்கிறவன் கடை’ என்று பிள்ளைகள்கூட சொல்ல ஆரம்பித்தார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் சின்ன நைனா ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். கொவைட்டுக்குப் போகிற அன்று எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நைனாவும் போகவில்லை.

அண்ணன் தம்பி ஒரு செப்புக் காசுக்காகப் பேசாமல் இருப்பார்களா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். கொவைட்டிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார் சின்ன நைனா. சின்னம்மா வந்திருக்கும்போது அம்மாவும் நானும் டேப்பில் போட்டுக் கேட்போம். எல்லாரையும் விசாரிப்பார். எங்கள் வீட்டு ஆட்டைக்கூட விசாரிப்பார், அதை விற்று வெகுநாள் ஆகியிருந்தது. அண்ணன் என்ற சொல் மட்டும் வராது. நைனா அந்த நேரம் பார்த்து வெளியே போய் மீட்டர் பெட்டியை நோண்டிக்கொண்டிருப்பார்.

பிறகு ஒருவழியாக, மலை தெரிகிற இடத்தில் ஒரு துண்டு மனை வாங்கி நைனா வீடு தொடங்கினார். குப்பத்துக் கல் லாரியில் வந்து இறங்கியது. வாசக்கால் வைக்க நாள் பார்த்தாகிவிட்டது. சின்னம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று நைனா வாயைத் திறந்து சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. அம்மா கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். குழியில் நவதானியம் தூவியாயிற்று. மேஸ்திரியும் ஆட்களும் கல்லுக்குக் கயிறு போட்டு நின்றார்கள். மஞ்சள் துணி முடிச்சைத் தாம்பாளத்தில் வைத்து அம்மா நீட்டினாள். அப்போது சின்னம்மா வந்து சேர்ந்தாள். பஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலையெல்லாம் புழுதி.

“மாமா, ஒரு நிமிசம். அந்த முடிச்ச அவுத்துப் பார்க்கணும்.”

நைனா திகைத்துப் போனார். “சாமிக்கு முடிஞ்சத அவுப்பாங்களா? இன்னா பேசற நீ?”

சின்னம்மா சுருக்குப்பையைத் திறந்தாள். முதலில் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்தாள். “கடைய நான் மூடல மாமா. பஞ்சர் ஒட்டிக்கினு நான்தான் பாத்துக்கினு கீறேன். இந்த ரெண்டையும் வைஸ்ல வெச்சு நானே இறுக்கினேன். முதுகப் பாருங்க.” இரண்டின் வெளிப்பக்கத்திலும் பாய் பின்னினது மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு. “வைஸு கடிச்சா பல்லு பதியும். இப்ப இதப் பாருங்க.” அந்தக் காலணாவை நீட்டினாள். வெளிப்பக்கத்து ராஜா தலைமேல் ஒரு பல்கூட இல்லை.

“துணி சுத்தி வெச்சிருப்பான்” என்றார் நைனா. குரலில் முன்பிருந்த வீறாப்பு இல்லை.

“சரி மாமா. அந்தப் பெரியவரு ஜோடிக் காசத் தேடிப் பாக்கச் சொன்னாரு இல்ல? எங்க கடை ஆணி டப்பா வரைக்கும் தேடனீங்க. உங்க சாமி படத்துக்குக் கீழ தேடனீங்களா?”

அந்தக் காசு அத்தனை நாளும் எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் துணியில் முடிந்த நிமிடமே அது எங்களுக்குக் காசாக இல்லாமல் சாமியாகிவிட்டது. சாமியை யார் சந்தேகப்படுவார்கள்? தினம் கும்பிட்டோம், ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அம்மாதான் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். “தெய்வக் குத்தம் வந்தா எனக்கு வரட்டும். பெருமாளுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியணும்” என்று சொல்லி, இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். பச்சையும் சுண்ணாம்புமாக ஒரு வில்லை விழுந்தது. பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுக்கு கறுப்பாக வழிந்தது. ராஜா தலை மெல்ல வந்தது. கன்னம் நசுங்கிய ராஜா. அந்தக் கன்னத்தின்மேல் இங்கிலீஷ் எழுத்துகள், திரும்பிய எழுத்துகள், உள்ளே குழிந்து கிடந்தன.

சின்னம்மா தன் காசை அதன்மேல் வைத்துத் திருகினாள். கொஞ்சம் திருகியதும் மூடி மாதிரி உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அசையவில்லை.

நைனாவின் காசு, கல்லைப் புரட்டிய அன்றே முடிச்சுக்குள் போனது. சின்ன நைனா அதைத் தொட்டதே இல்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டது அந்தக் கல்லுக்கடியில் இருந்தபோதுதான். எனக்கே புரிந்தது, நைனாவுக்குப் புரியாதா? மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்க நைனா ஆளுக்கு ஒரு காசு குடுத்தாரு,” என்றார், யாரையும் பார்க்காமல். “கல்லு வெச்ச அன்னிக்கு. நான் மொதல்ல வெச்சேன். இவன் சின்னப் பையன். வேற எடத்துல வைடான்னா கேக்காம எங்காசு மேலயே வெச்சான். கல்ல எறக்கி, உக்காரலன்னு சம்மட்டியால அடிச்சாங்க. அந்தச் சத்தத்துல ரெண்டு பேரும் காதப் பொத்திக்கினு நின்னோம்.” முகத்தைத் துண்டால் துடைத்தார். “எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்டி. ஞாபகம் வரல.”

“சார், டைம் அய்ப்போத்தந்தி” என்றார் மேஸ்திரி, நேரம் போகிறது என்று.

நைனா எழுந்து தன் காசைக் குழியில் வைத்தார். பிறகு சின்னம்மா பக்கம் கையை நீட்டினார். அவள் உடனே கொடுத்துவிடவில்லை.

“குடுக்கறேன் மாமா. ஆனா அவருகிட்ட நீங்க உங்க வாயால சொல்லணும்.”

“சொல்றேம்மா.”

இரண்டாவது காசை முதல் காசின்மேலேயே வைத்து, அது உட்காருகிற வரைக்கும் திருகினார் நைனா. கல் இறங்கியது. சம்மட்டி அடித்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த விளக்குக் கடைப் பெரியவர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காசைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அது வெளியே வந்தபின் பட்ட அடிதான், இன்னொரு காசு அமுக்கியதுதான். யார் அமுக்கியது என்பதில்தான் அவசரப்பட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே கருவி வைஸ். எங்கள் வாசற்படி அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தம்பியைவிடப் பூதக்கண்ணாடியை நம்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

கொவைட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அன்று குப்பம் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துக்குச் சின்ன நைனா போன் செய்வார். நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி பவுடர் பூசிக்கொண்டு, என்னோடு பஸ் ஏறினார். பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் மின்விசிறி இல்லை. போன் அடித்தது. சின்னம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை நைனா கையில் திணித்தாள்.

“நான்தான்டா” என்று கத்தினார். அந்தக் காலத்தில் தூரத்துக்குத் தக்கபடி கத்துவோம் இல்லையா? பவுடரெல்லாம் வியர்வையில் கோடு கோடாக இறங்கியது. “வாசக்கால் வெச்சுட்டோம். ரெண்டு காசும் கீழ போட்டோம்... ஜோடிக் காசு எங்கிட்டதான்டா இருந்திச்சு. எங்கிட்டயே இருந்திச்சு. நீ ஒண்ணும் பண்ல. நான்தான்...” ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் என்ன பேச்சு என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில், “கிழக்குடா. கிழக்குதான்” என்றார். லைன் போய்விட்டது. போன பிறகும் இன்னொரு முறை “கிழக்கு” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் விட்டுக் கொடுத்தார். வழக்கமாக விடமாட்டார்.

“நைனா, சின்ன நைனா இன்னா கேட்டாரு?”

“வாசல் எந்தப் பக்கம்னு கேட்டான்” என்றார். பிறகு என் தலைமேல் கையை வைத்தார். “லீவுல வரும்போது வூட்டத் தேடிக்கினு நிக்கக் கூடாதாம்.”